விட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி? சாட்பாட்களின் ஞாபகம் பற்றி ஒரு வரலாறு

போன செமஸ்டரில் மினி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு சாட்பாட் எழுதினேன். பஸ் டிக்கெட் பதிவு செய்யும் பாட். ஊர், தேதி, சீட், பெயர், வயது என்று வரிசையாகக் கேட்கும். பதில்களை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு டிக்கெட் காட்டும். உள்ளே ‘நிலை’ என்று ஒரே ஒரு எண். 1 என்றால் ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், 2 என்றால் தேதி... அவ்வளவுதான் மொத்த மூளையும்.

டெமோவுக்கு முந்தின ராத்திரி ரூம்மேட்டை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். மதுரை என்றான். தேதி சொன்னான். சீட் எடுத்தான். “பயணியின் பெயர்?” என்று பாட் கேட்டபோது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. “கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா” என்று அடித்தான். பாட் கொஞ்சமும் தயங்கவில்லை. “நன்றி, கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா அவர்களே! உங்கள் வயது என்ன?” என்றது.

ஹாஸ்டலில் ஒரு வாரத்துக்கு என் பெயரே அதுதான் :-)

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். அவன் செய்ததில் என்ன தப்பு? மனுஷங்க அப்படித்தானே பேசுவோம். டீக்கடையில் “அண்ணே, ஒரு டீ” என்கிறோம். அவர் டீயை நீட்டாமல் “சர்க்கரை போடவா?” என்று கேட்கிறார். “எல்லாம் போட்டே குடுங்கண்ணே” என்கிறோம். அப்புறம்தான் டீ வருகிறது. முதல் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் இன்னொரு முழுக் கேள்வி பதில் உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை பற்றிப் பேசியதால் டீ கேட்டதை அவர் மறந்துவிடவில்லை. இது அவ்வளவு சாதாரணமான விஷயம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் சமூகவியல்காரர்கள். பதிவு செய்த பேச்சுகளை வரி வரியாக எழுதிவைத்து ஆராய்ந்த இமானுவல் ஷெக்லாஃப் இதை ‘செருகு வரிசை’ என்றார். அவருடைய சகாவான கெய்ல் ஜெஃபர்சன், நடப்புப் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கிப் போய்த் திரும்பும் பேச்சைப் ‘பக்க வரிசை’ என்றார். இரண்டு கட்டுரைகளும் 1972-ல் ஒரே தொகுப்பில் வந்தன.

சரி, கணினிக்காரர்களிடம் இதற்கு என்ன மருந்து இருந்தது? ஒன்று இருந்தது, அதுவும் ரொம்பப் பழசு. அதுதான் அடுக்கு, அதாவது ஸ்டேக். மெஸ்ஸில் கழுவி வைத்த தட்டுகளைப் போல. கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கையில் வரும். ஒரு வேலை நடக்கும்போது நடுவில் இன்னொரு வேலை வந்தால், முதல் வேலையை விட்ட இடத்தைக் குறித்து அடுக்கில் வை (புஷ்). இரண்டாவது முடிந்ததும் மேலே இருப்பதை எடு (பாப்). விட்ட இடம் தானாகக் கிடைத்துவிடும். ஆலன் டூரிங் 1945-ல் எழுதிய ஏ.ஸி.இ. கணினித் திட்டத்திலேயே இந்த யோசனை இருக்கிறது. அவர் வைத்த பெயர்கள்தான் எனக்குப் பிடித்தவை: ‘புதை’, ‘தோண்டி எடு’. பிறகு 1957-ல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் பாவரும் கிளாஸ் சாமெல்சனும் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்கள் மொழியில் இதன் பெயர் ‘கெல்லர்’, அதாவது நிலவறை. ஒருவர் புதைக்கிறார், இருவர் நிலவறையில் இறக்குகிறார்கள், நாம் தட்டு அடுக்குகிறோம். எல்லாம் ஒன்றுதான்.

அப்படியானால் பாட் எழுதியவர்கள் முதல் நாளிலிருந்தே அடுக்கை வைத்து எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை.

எல்லாருக்கும் தெரிந்த முதல் பாட் எலைஸா. எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்) ஜோசப் வைசன்பாம் எழுதி 1966 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். நாம் சொன்ன வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும் மனநல மருத்துவர் வேஷம். அதற்கு ஞாபகமே கிடையாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. சின்ன ஞாபகம் ஒன்று இருந்தது. ‘என்னுடைய’ என்ற சொல் வரும் சில வாக்கியங்களை எலைஸா ஓர் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். பிற்பாடு நாம் சொல்வதில் அதற்குத் தெரிந்த சொல் எதுவும் இல்லாமல் முழிக்கும்போது, எடுத்து வைத்ததில் ஒன்றை உருவி, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும். கட்டுரையில் வரும் உரையாடலின் முடிவு அப்படிப்பட்டதுதான். அந்தப் பெண் ஆரம்பத்தில் தன் காதலன்தான் தன்னை இங்கே வரவைத்தான் என்று சொல்லியிருப்பாள். கடைசியில் அவள் ஒற்றைச் சொல்லில் ஏதோ சொல்ல, எலைஸா அந்தப் பழைய காதலனைக் கொண்டுவந்து நிறுத்தும். படிக்கும்போது சிலிர்க்கும். உண்மையில் அது ஒன்றும் புரியாதபோது செய்யும் சமாளிப்பு!

இதில் கவனிக்க வேண்டியது, எலைஸாவின் ஞாபகம் அடுக்கு இல்லை, ரேஷன் கடை வரிசை. முதலில் வைத்தது முதலில் வரும். விட்ட இடத்துக்குத் திரும்புவது அதன் நோக்கமே இல்லை. பேச்சு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். வைசன்பாமின் மூல நிரல் ரொம்ப காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2021-ல் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் அவருடைய பெட்டிகளில் இருந்து கிடைத்தது. அதுவரை உலகம் பார்த்த எலைஸாக்கள் எல்லாம் மற்றவர்கள் எழுதிய நகல்கள்.

அடுத்து நான் நிற்க விரும்பும் ஊர் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ, ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையம், 1977. டேனியல் பாப்ரோ, டெர்ரி வினோகிராட், டொனால்ட் நார்மன் உட்பட ஆறு பேர் சேர்ந்து ‘கஸ்’ என்று ஒரு நிரலைப் பற்றி எழுதினார்கள். வேலை? விமான டிக்கெட்! என் ப்ராஜெக்ட்டை நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே செய்து முடித்துவிட்டார்கள் என்று பார்த்தபோது கொஞ்சம் வயிறெரிந்தது.

கஸ்ஸின் உள்ளே ‘நிலை 1, நிலை 2’ கிடையாது. ஃபிரேம் என்று ஒன்று இருந்தது. ஒரு விண்ணப்பப் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து, எங்கே, எப்போது, யார் என்று கட்டங்கள். ‘எப்போது’ என்ற கட்டத்துக்குள் போனால் அதுவே இன்னொரு சின்னப் படிவம்: மாதம், நாள். படிவத்துக்குள் படிவம். எந்தக் கட்டம் காலியோ அதற்கான கேள்வியைக் கேட்கும். பயணி கேட்காத விஷயத்தைச் சொன்னால் அதற்குரிய கட்டத்தைத் தேடிப்போய் நிரப்பும். அவர்கள் காட்டிய உரையாடலில், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கஸ் கேட்கிறது. பயணி அதற்குப் பதில் சொல்லவில்லை. காலை பத்து மணிக்குள் சான் டியாகோவில் இருக்க வேண்டும் என்கிறார். என் பாட்டாக இருந்தால் அதைக் கிளம்பும் நேரம் என்று எழுதிக்கொண்டிருக்கும். கஸ் அதை வந்து சேரும் நேரம் என்று புரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற விமானத்தைச் சொன்னது. அதே கட்டுரையில், இந்த உரையாடலைப் பார்த்து எங்கள் நிரலுக்கு இன்னும் நிறையத் தெரியும் என்று ஏமாந்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஆசிரியர்களே எச்சரிக்கிறார்கள். இப்போதைய விளம்பரங்களில் இந்த வகை நேர்மையைப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் படிவம் ஒரே வேலைக்குத்தான் உதவும். டிக்கெட் வாங்கும் நடுவில் ‘ரத்து செய்தால் என்ன ஆகும்’ என்ற வேறு பேச்சுக்குப் போய்த் திரும்புவதற்குப் படிவம் போதாது. அதைத் தொட்டவர், என் கணக்கில் இந்தக் கதையின் நாயகி, பார்பரா கிராஸ்.

அவரும் அதே 1977-ல்தான் தன் முனைவர் ஆய்வை வெளியிட்டார். பாலோ ஆல்டோவுக்குப் பக்கத்திலேயே மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் வேலை. அங்கே இருந்த உரையாடல்கள் டிக்கெட் பற்றியவை இல்லை, காற்று கம்ப்ரஸர் பற்றியவை. பஞ்சர் கடையில் டுப்டுப் என்று ஓடுமே, அந்த ஜாதி இயந்திரம்தான். விவரம் தெரிந்த ஒருவர் வழி சொல்லச் சொல்ல, கற்றுக்குட்டி ஒருவர் பாகங்களைப் பூட்டுகிறார். இருவரும் பேசியதை எல்லாம் எழுதி வைத்தார்கள். பம்ப்பைப் பூட்டு என்கிறார் ஆசான். பூட்டப் போனால் போல்ட் பிரச்சனை. போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று ஒரு பேச்சு. அது முடிந்தால் போல்ட்டுக்கு, போல்ட் முடிந்தால் பம்ப்புக்கு. பேச்சின் வடிவம் வேலையின் வடிவமாகவே இருக்கிறது என்று கிராஸ் கண்டார். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு ‘கவன வெளி’ திறக்கிறது. முடிந்ததும் மூடிக்கொள்கிறது.

இதற்கு அவர் காட்டிய ஆதாரம்தான் அழகு. ‘அது’ என்ற ஒற்றைச் சொல். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஆசான் ‘அது’ ஓடுகிறதா பார் என்கிறார். எது? கடைசியாகப் பேசியது ஏதோ ஒரு சின்ன பாகம். ‘அது’ என்றால் கடைசியாகச் சொன்ன பொருள் என்று நிரல் எழுதியிருந்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு மனிதர்களுக்கும் துளிக்கூடக் குழப்பமில்லை. ‘அது’ என்றால் முழு கம்ப்ரஸர். நெடுநேரமாக அதன் பெயரை யாரும் எடுக்காவிட்டாலும், உள்ளே திறந்த வேலைகள் எல்லாம் மூடிவிட்டதால், அடியில் காத்திருந்த பெரிய வேலை மேலே வந்துவிட்டது. அடுக்கு!

1986-ல் கிராஸும் கேண்டஸ் சிட்னரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரையில் இது முழு வடிவம் பெற்றது. பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள். வாக்கியங்கள் எப்படித் துண்டு துண்டாகச் சேர்கின்றன என்பது ஒன்று. ஒவ்வொரு துண்டும் எந்த நோக்கத்துக்காக என்பது இன்னொன்று. இப்போது கவனம் எதில் இருக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் அடுக்கு. ஆனால் அதில் எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பது அடுக்கு அல்ல, நோக்கம். ஒரு பேச்சு எதற்காகத் தொடங்கியதோ அது நிறைவேறினால்தான் அது மூடும். பேச்சில் வரும் சில சொற்கள் இதற்குக் கொடி காட்டும் என்றும் எழுதினார்கள். நம்மிடமும் ஏராளம். “அட, அப்புறம்...” என்றால் புதிதாக ஒன்று மேலே ஏறப்போகிறது. “சரி, அது இருக்கட்டும்” என்றால் மேலே இருப்பதை எடுத்துவிடு. எங்கள் பாட்டி ஒரு கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்து, மாப்பிள்ளையின் சித்தப்பா, அவர் வாங்கிய நிலம், நிலத்தின் வழக்கு என்று போய்விட்டு, “எங்கடா விட்டேன்?” என்பார். அதுதான் பாப்.

பாட்டியின் அந்தக் கேள்வியில்தான் அடுக்குக் கொள்கையின் ஓட்டையும் இருக்கிறது. கணினியின் அடுக்கு எதையும் மறக்காது. பத்து நொடி கழித்து வந்தாலும் பத்து நாள் கழித்து வந்தாலும் தட்டு அப்படியே இருக்கும். மனிதர்கள் அப்படி இல்லை. 1996-ல் மெர்லின் வாக்கர் இதைக் கையில் எடுத்தார். கிளைப்பேச்சு நீண்டுவிட்டால், திரும்பி வரும்போது மனிதர்கள் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்கிறார்கள். அடுக்கு சரியாக வேலை செய்கிறது என்றால் அதற்குத் தேவையே இல்லையே? ஆகவே மனித கவனம் அடுக்கு போன்றது அல்ல, கொஞ்சமே இடமுள்ள கேஷ் போன்றது. புதியது வர வர, பயன்படாத பழையது வெளியே போகும், வேண்டுமென்றால் ஞாபகத்திலிருந்து மறுபடி கொண்டுவர வேண்டும் என்றார். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: பாட் மறக்காமல் இருப்பது மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் மறந்திருப்பார் என்பதும் அதற்குத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் ஆய்வகத்தில். வெளியே சந்தையில் நடந்தது வேறு. ரிச்சர்ட் வாலஸ் 1995-ல் தொடங்கிய ஆலிஸ், 2000, 2001, 2004 என மூன்று முறை லோப்னர் பரிசு வாங்கியது. அதன் மொழி ஏ.ஐ.எம்.எல். அதில் ஒரு கேள்வியை இன்னொரு கேள்வியாக மாற்றி மாற்றி எத்தனை ஆழம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அந்த ஆழமெல்லாம் ஒரு பதிலைத் தேடுவதற்குள்தான். உரையாடலைப் பொறுத்தவரை, பாட் கடைசியாகச் சொன்ன வாக்கியம், இப்போதைய தலைப்பு, சேமித்து வைத்த சில விவரங்கள், அவ்வளவுதான். பரிசுக்கு அது போதுமாக இருந்தது.

தொலைபேசி பக்கம் கொஞ்சம் மேல். 2000-ல் ஏ.டி.&டி., ஐ.பி.எம்., லூசன்ட், மோட்டோரோலா சேர்ந்து வாய்ஸ் எக்ஸ்.எம்.எல். கொண்டுவந்தார்கள். 2004-ல் அதன் இரண்டாம் பதிப்பு டபிள்யூ3சி தரநிலை ஆனது. அதில் ‘துணை உரையாடல்’ என்றே ஒரு கட்டளை உண்டு. சி மொழியில் ஃபங்ஷனைக் கூப்பிடுவது மாதிரி: போ, வேலையை முடி, விடையோடு திரும்பி வா. ஆனால் எங்கே கிளைக்கலாம் என்பதை நிரல் எழுதுபவர்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பேசுபவர் நினைத்த இடத்தில் கிளைக்க முடியாது. அப்பா ஒரு தடவை போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்துகொண்டிருந்தார். நுகர்வோர் எண்ணின் எல்லா இலக்கங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு அழுத்தி முடித்த பிறகு, விலை என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அதற்கு வழி ‘மெயின் மெனு’ மட்டும்தான். விலையைக் கேட்டுவிட்டார். பதிவு போய்விட்டது. மறுபடி முதல் இலக்கத்திலிருந்து. அந்த இயந்திரத்துக்குள்ளே அடுக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அப்பா அன்றைக்கு அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார்.

என் பிரச்சனைக்கு நேரடி விடையை 2003-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டான் போஹஸும் அலெக்ஸாண்டர் ருட்னிக்கியும் எழுதியிருந்தார்கள். ‘ரேவன்கிளா’ என்று பெயர் (ஆமாம், ஹாரி பாட்டரில் வரும் அதே சொல்தான்). அதில் ஓர் அடுக்கு உண்டு. கூடவே ‘எதிர்பார்ப்புப் பட்டியல்’ ஒன்றும் உண்டு. பயனர் எதைச் சொன்னாலும், அடுக்கின் உச்சியில் இருப்பவரிடம் முதலில் காட்டுவார்கள்: இது உனக்கா? இல்லை என்றால் அடுத்த தட்டு. அங்கேயும் இல்லை என்றால் அதற்கும் கீழே. கேள்வி கேட்டவருக்கே பதில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா’ என்பது பெயர்க் கட்டத்துக்குப் பொருந்தாது, ஆகவே அது வேறு யாருக்கோ. இவ்வளவுதான் விஷயம்!

2016-ல் ஃபேஸ்புக் மெசஞ்சரில் பாட்களுக்கு வழி திறந்தபோதும், மைக்ரோசாஃப்ட் பாட் ஃபிரேம்வொர்க் வந்தபோதும், ஒரு தலைமுறை நிரலாளர்கள் என்னைப் போலவே முதலில் எண்ணில் ஆரம்பித்து அடுக்குக்கு வந்து சேர்ந்தார்கள். மைக்ரோசாஃப்டின் கருவியில் அதன் பெயரே ‘டயலாக் ஸ்டேக்’. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு கதை மாறியது. பெரிய மொழி மாதிரிகளுக்குள் யாரும் எழுதி வைத்த அடுக்கு கிடையாது. ஒவ்வொரு முறையும் இதுவரை பேசியது எல்லாம், இடம் கொள்ளும் அளவுக்கு, மறுபடி உள்ளே போகிறது. புஷ்ஷும் பாப்பும் தானாக நடப்பது போலத் தெரிகிறது. ‘அது ஓடுதா பாரு’ என்றால் பெரும்பாலும் கம்ப்ரஸரைத்தான் பிடிக்கிறது. ஆனாலும் சீட், பணம் என்று வரும் இடத்தில், எது உறுதியானது, எது பாதியில் நிற்கிறது என்பதை மாதிரியின் பொறுப்பில் விடாமல் வெளியே தனியாக எழுதி வைப்பதே பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வெளிப் பட்டியலைப் பார்த்தால் கஸ்ஸின் படிவம் மாதிரியே இருக்கும்.

என் பாட்டுக்கு வருவோம். டெமோவுக்கு முன் அவசரமாக ஓர் அடுக்கு போட்டேன். பெருமையாக ரூம்மேட்டிடம் கொடுத்தேன். அவன் வேண்டுமென்றே பெயர் கேட்டபோது ரீஃபண்ட் பற்றிக் கேட்டான், ரீஃபண்ட் நடுவில் வேறு தேதிக்கு மாற்றலாமா என்றான், அதன் நடுவில் வேறு பஸ், அதன் நடுவில் ஏசி உண்டா என்று போய்விட்டு, “சரி விடு, எதுவும் வேணாம்” என்றான். பாட் விசுவாசமாக ஒவ்வொரு தட்டாக எடுத்தது. “எந்த பஸ்?” “எந்தத் தேதிக்கு மாற்ற வேண்டும்?” “எந்த டிக்கெட்டுக்கு ரீஃபண்ட்?” கடைசியில், “பயணியின் பெயர்?” கிராஸும் சிட்னரும் 1986-லேயே சொன்ன விஷயத்தை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அவனுடைய நோக்கம் எப்போதோ மூடிவிட்டது. என் தட்டுகள்தான் மூடவில்லை.

இப்போது மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறேன். “விடு”, “வேணாம்” என்று வந்தால் எத்தனை தட்டு என்று பார்க்காமல் அடிவரை காலி செய்துவிட்டு, டிக்கெட் வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்கும். தட்டு மூன்றுக்கு மேல் போகாது. கிளைப்பேச்சு முடிந்து திரும்பும்போது வெறுமனே “பெயர்?” என்று கேட்காமல், “மதுரைக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம், பயணியின் பெயர் கேட்டிருந்தேன்” என்று நினைவுபடுத்தும். இது பாட்டியிடமிருந்தும் வாக்கரிடமிருந்தும் எடுத்தது. டெமோவில் ஓடியது. கேள்வி கேட்ட சார் ஒரே ஒரு கிளைதான் போனார், அதனால் தப்பித்தேன்.

சோதனைக்கு வைத்திருக்கும் பயணிகள் பட்டியலில் முதல் பெயர் இன்னும் ‘கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா’தான். வயது 20.